சிரிப்பு வாயுவும் சுண்ணாம்புத் தொட்டியும்

(ஆம்பூரில் மாலைக் கூட்டம் ஒன்றில் ஓய்வு பெற்ற மயக்கவியல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். சுவரில் நம் கூட்டத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைக்கார பாய் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் டாக்டர், சிரிப்பு வாயு, சிரிப்பு வாயுன்றாங்களே, அதக் குடுத்தா நெசமாவே சிரிப்பாங்களா?" என்றார். "பாய், முப்பது வருஷத்துக்கு மேல அத மூக்குல வச்சிருக்கேன். சிரிச்சு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்" என்றேன். "யாரு அது?" என்றார். "கூட்டத்துக்கு வாங்க, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்திருக்கிறார். அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கொஞ்சம் காக்க வைக்கப் போகிறேன். அந்தக் கதை கடைசியில்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நைட்ரஸ் ஆக்ஸைடு. பள்ளிப் புத்தகத்தில் சிரிப்பூட்டும் வாயு என்று ஒரு வரி வரும். பரீட்சைக்கு ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. கடலுக்கு அப்பால் தொடங்கி, நம் வேலூர், ஆம்பூர் ஆபரேஷன் தியேட்டர்கள் வழியாக, நம்மூர்த் தோல் ஷாப்புத் தொட்டி வரைக்கும் வந்து நிற்கிற கதை. தொட்டியா? தோல் ஷாப்புக்கும் சிரிப்பு வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆம்பூருக்கு வந்தேன். வேறு ஊராக இருந்தால் இந்தப் பேச்சைப் பாதியிலேயே முடித்துவிட்டு பிரியாணிக்குப் போயிருப்பேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என்னை இந்தப் பக்கம் "மயக்க டாக்டர்" என்பார்கள். ஆபரேஷன் செய்தவர் பெயர் பத்து வருஷம் கழித்தும் உங்களுக்கு நினைவிருக்கும். மயக்கம் கொடுத்தவர் பெயர் அன்று சாயங்காலமே நினைவிருக்காது. நினைவிருக்கக் கூடாது என்பதுதானே எங்கள் வேலை!

மயக்கம் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் ஆபரேஷன் எப்படி நடந்திருக்கும்? நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்வார்கள். சாராயம் கொடுப்பார்கள், அபின் கொடுப்பார்கள். அதற்கு மேல் கத்தியின் வேகம்தான் கருணை. லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற வைத்தியர் மூன்று நிமிஷத்துக்குள் ஒரு காலை எடுத்துவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். திறமைக்கு அளவு அந்த நிமிஷம். வலி என்பது வெயில் மாதிரி, மழை மாதிரி. வரும், பட்டுத்தான் தீர வேண்டும். அதைத் தள்ளி வைக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்று ஒரு பாதிரியார். ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்தவர் என்று படித்திருப்பீர்கள். அவர்தான் 1772-ல் இந்த வாயுவையும் கண்டார். நீரில் நனைந்த இரும்புத்தூளின் மேல் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற இன்னொரு வாயுவை நிற்க வைத்தார், இது கிடைத்தது. கிடைத்ததைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு வந்தார் ஹம்ஃப்ரி டேவி. பிற்காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தாரே, அதே டேவி. 1799-ல் அவருக்கு வயது இருபது. பிரிஸ்டல் நகரத்தில் தாமஸ் பெடோஸ் என்ற டாக்டர், வாயுக்களை முகரவைத்தே நோயைத் தீர்க்கலாம் என்று ஒரு நிலையம் திறந்திருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்த பையன், ஊரில் யாருக்காவது கொடுத்துப் பார்ப்பதற்கு முன் தானே முகர்ந்தான். எண்ணெய் பூசிய பட்டுப் பையில் வாயுவைப் பிடித்து, வாயை வைத்து இழுத்தான். ஒரு தரம் இல்லை, நாள் தவறாமல் இழுத்தான். கவிஞர்களைக் கூப்பிட்டான், நண்பர்களைக் கூப்பிட்டான், எல்லோருக்கும் ஒரு பை. சிரித்தார்கள், குதித்தார்கள், அறைக்குள் ஓடினார்கள். சிரிப்பு வாயு என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இதற்கு நடுவில் டேவிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற வலி. ஈறு வீங்கிச் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. வாயுவை இழுத்தார், வலி குறைந்தது. பையை எடுத்ததும் திரும்பி வந்தது. 1800-ல் அவர் போட்ட பெரிய புத்தகத்தின் முடிவில், ரத்தம் அதிகம் போகாத அறுவைகளில் இந்த வாயு வலியைப் போக்க உதவலாம் என்று எழுதியும் வைத்தார்.

எழுதி வைத்தார் ஐயா! அச்சடித்த புத்தகத்தில் எழுதி வைத்தார். லண்டன் டாக்டர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள். ஒருவராவது செய்து பார்த்தாரா? டேவியாவது செய்து பார்த்தாரா? இல்லை. பார்த்தார்கள், கவனிக்கவில்லை. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை. நாற்பத்து நான்கு வருஷம்!

அந்த நாற்பத்து நான்கு வருஷமும் இந்த வாயு என்ன செய்துகொண்டிருந்தது? திருவிழாக் கடையில் இருந்தது. நம்மூர்ப் பொருட்காட்சியில் மரணக் கிணறு இல்லையா, அந்த மாதிரி. டிக்கெட் வாங்கினால் மேடையேறி ஒரு பை இழுக்கலாம், கீழே உள்ளவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ரிவால்வர் துப்பாக்கி செய்த சாமுவேல் கோல்ட், துப்பாக்கிக்குப் பணம் சேர்க்க அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் இந்த வித்தை காட்டியிருக்கிறார். வலியைப் போக்கும் பொருளைக் காட்டிச் சம்பாதித்த காசு, வலியை உண்டாக்கும் பொருளுக்குப் போனது.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊர். காட்னர் கோல்ட்டன் என்பவர் மேடை போட்டு வாயு வித்தை காட்டுகிறார். கூலி என்ற இளைஞர் மேடையேறி இழுத்தார். வெறி பிடித்தவர் போல ஓடினார், பெஞ்சில் மோதினார், காலில் அடி. வந்து உட்கார்ந்தபோது கால்சட்டையில் ரத்தம். சபை சிரிக்கிறது. அவருக்கே தெரியவில்லை, காலில் என்ன என்று குனிந்து பார்க்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். சபை முழுக்கக் கூலியின் கூத்தைப் பார்த்தது. வெல்ஸ் ஒருவர் மட்டும் ரத்தத்தைப் பார்த்தார். "வலிக்கவில்லையா?" என்று கேட்டார். "இல்லையே" என்றார் கூலி.

அந்த ஒரு கேள்விக்காக உலகம் நாற்பத்து நான்கு வருஷம் காத்திருந்தது.

வெல்ஸ் மறுநாளே தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோல்ட்டன் வாயு கொடுத்தார், ஜான் ரிக்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர் குறடு போட்டார். வலி இல்லை. பிறகு பல பேருக்குச் செய்து பார்த்துவிட்டு 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரத்துக்குப் போனார். பெரிய டாக்டர்கள், மருத்துவ மாணவர்கள் முன்னால் ஒருவருக்குப் பல் பிடுங்கிக் காட்டினார். பையைச் சற்று முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். நோயாளி "ஆ" என்றார். முடிந்தது. ஏமாற்று வேலை என்று மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். பெரிய வலி தெரியவில்லை என்று அந்த நோயாளி பிற்பாடு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

இதில் வெல்ஸ் மேல் தப்பில்லை என்று ஒரு மயக்க டாக்டராகச் சொல்கிறேன். இந்த வாயு பலம் குறைந்த வாயு. நூறு பேரில் பாதிப் பேர் கத்தி பட்டும் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் முகரும் காற்றில் இது எத்தனை சதவீதம் வேண்டும் என்று எங்கள் சாத்திரத்தில் ஒரு கணக்கு உண்டு. இதற்கு வரும் விடை 104. நூற்றுக்கு நூற்று நாலு! அது எங்கே கிடைக்கும்? நூறு சதவீதம் கொடுத்தாலே ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் ஆள் நீலம் பூத்துப் போவார். அந்தக் காலத்துப் பல் டாக்டர்கள் அப்படி நீலம் பூக்கிற ஒரு நிமிஷத்துக்குள்ளேதான் பல்லைப் பிடுங்கினார்கள். ஆக்ஸிஜனோடு கலந்து கொடுக்க வேண்டும் என்று சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் எழுத 1868 ஆயிற்று. ஆக, தனியே நின்று ஜெயிக்க முடியாத வாயு இது. மற்ற மருந்துக்குத் துணை நிற்கும். சமையலில் புளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியை மட்டும் கரைத்துக் கத்திரிக்காய்ச் சட்டி வைக்க முடியுமா? ஆம்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அதே 1845-ல் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டேல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மருந்தே இல்லாமல் மனோவசியத்தால் ஆட்களை உறங்க வைத்து, யானைக்கால் நோயால் வந்த பெரிய பெரிய கட்டிகளை அறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் கொடுத்தார்கள். ஆனால் 1846 அக்டோபர் 16-ல் வெல்ஸின் பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் அதே பாஸ்டனில் ஈதரை வைத்து ஜெயித்துவிட்டார். 1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு மருத்துவ முறை கப்பலேறி இங்கே வர ஐந்தே மாதம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலிருந்து ஆபரேஷன் மேசைக்கு வர நாற்பத்து நான்கு வருஷம்!

வெல்ஸ் என்ன ஆனார்? மனம் உடைந்தார். குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானார். நியூயார்க்கில் புத்தி கலங்கிய நிலையில் ஒரு குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். 1848 ஜனவரியில் சிறையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. கண்டுபிடித்தவர் வெல்ஸ்தான் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தீர்மானம் போட்டது 1864-ல். வித்தைக்காரர் கோல்ட்டன் இருக்கிறாரே, அவர்தான் 1863-ல் இந்த வாயுவைத் தூக்கி நிறுத்தினார். பல் பிடுங்கவே நிலையம் திறந்து, வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி வைத்தார். கணக்கு லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் இந்தியாவுக்கு வாயு வரவில்லை. ஏன் வரவில்லை? வாயுவுக்கு இரும்பு சிலிண்டர் வேண்டும், அமோனியம் நைட்ரேட்டை இருநூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கி வாயுவாக்கும் தொழிற்சாலை வேண்டும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் வெடித்துவிடும். குளோரோஃபார்முக்கோ ஒரு பாட்டிலும் கைக்குட்டையும் போதும், மாட்டு வண்டியில்கூடப் போகும். அதனால் இங்கே நூறு வருஷம் குளோரோஃபார்ம் ராஜ்ஜியம். அது இதயத்தை நிறுத்துமா, மூச்சை நிறுத்துமா என்று ஆராய ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி நடத்திய இரண்டு கமிஷன்களுக்கு, 1888-லும் 1889-லும், நிஜாம் பணம் கொடுத்தார். அங்கே பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணியை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று எங்கள் துறையில் பெருமையாகச் சொல்வோம். சினிமாவில் வில்லன் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் கதாநாயகி பொத்தென்று சாய்வாள். அது பொய். அஞ்சு நிமிஷமாவது அவன் அவளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு வருகிறேன். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் நாற்பது படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். இங்கே ஆம்பூரில் லுத்தரன் மிஷன்காரர்கள் பெதஸ்தா ஆஸ்பத்திரியை 1920-களில் நிறுத்தினார்கள். உங்கள் பாட்டிமார்களில் பாதிப் பேர் அங்கே பிறந்திருப்பார்கள். இங்கிலாந்தில் பாயில் என்ற டாக்டர் 1917-ல் சிலிண்டர்களைச் சட்டத்தில் மாட்டி ஒரு கருவி செய்தார். அந்தப் பாயில்ஸ் மெஷின் வழியாகத்தான் நைட்ரஸ் நம் தியேட்டர்களுக்குள் வந்தது. நான் மெட்ராஸில் படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அந்த மெஷினை இப்போது நினைத்தாலும் கை தானாக அசைகிறது. நீலச் சிலிண்டர் நைட்ரஸ். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் என்றால் ஆக்ஸிஜன். திறக்கும் ஸ்பேனரை யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று பேண்டேஜ் துணியால் மெஷினோடு கட்டி வைத்திருப்போம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன பம்பரம். வாயு ஓடினால் சுற்றிக்கொண்டே மேலே ஏறி நிற்கும். அது சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்கு உலகம்.

இங்கே ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். லண்டன் பாடப்புத்தகம் சொல்லும், நைட்ரஸ் சிலிண்டருக்குள் இருப்பது திரவம் என்று. நம் சமையல் காஸ் மாதிரி. தூக்கிக் குலுக்கினால் தளும்பும். திரவம் தீரும் வரைக்கும் கேஜ் முள் அசையாது. முள்ளைப் பார்த்து எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வாயு 36.4 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. முப்பத்தாறு டிகிரி நமக்கு என்ன? மார்ச் மாதம்! அக்னி நட்சத்திரத்தில் வேலூர் நாற்பதைத் தாண்டும்போது வராந்தாவில் நிறுத்திய சிலிண்டரைக் குலுக்கினால் சத்தமே வராது, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் குளிர் நாடுகளில் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 750 கிராம் நிரப்புகிற இடத்தில் வெயில் நாடுகளுக்கு 670 கிராம்தான். நம்மூர் வெயிலுக்கென்று எண்பது கிராம் குறைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு மரியாதை!

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். சின்ன நர்சிங் ஹோம், குடல்வால் ஆபரேஷன். கரண்ட் போய்விட்டது. ஆக்ஸிஜன் தீரப் போகிறது என்று பம்பரம் இறங்குவதைப் பார்த்து, ஸ்பேரைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றுதான். நான் திறந்தது நீலத்தை. அப்போது விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி எங்களிடம் கிடையாது. "சார், ரத்தம் கறுக்குது" என்று சர்ஜன் சொன்னார். சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆம்பு பையை மாட்டி, அறைக்காற்றைக் கையால் அழுத்தினேன். ஐந்தாறு அழுத்தில் ரத்தம் சிவந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று. தப்பு என்னுடையது. நானும் பார்த்தேன், கவனிக்கவில்லை.

இப்படி ஆகக் கூடாது என்றுதான் சிலிண்டர் கழுத்தில் துளை வைத்தார்கள். மெஷினில் உள்ள முள் அந்தத் துளையில் உட்கார வேண்டும். ஆக்ஸிஜனுக்கு 2, 5 என்ற இடங்கள், நைட்ரஸுக்கு 3, 5. இதன் சிலிண்டர் அதன் இடத்தில் மாட்டவே மாட்டாது. ஆனால் முள் சிலிண்டர் மாறாமல் காக்கும், என் மாதிரி கை மாறித் திறப்பவனைக் காக்காது. சுவர்க் குழாய்க்கும் அந்த முள் இல்லை. 2011-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரஸ் போய், நினைவு திரும்பாமலே அடுத்த வருஷம் இறந்தார். பத்திரிகையில் வந்தது, கோர்ட்டுக்குப் போனது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது.

இந்த வாயுவுக்கு வேறு வேலைகளும் உண்டு, ஓட்டமாகச் சொல்கிறேன். கேக் கடையில் கிரீமை நுரைக்க வைப்பது இதுதான், கொழுப்பில் நன்றாகக் கரையும். சினிமாவில் பட்டனை அழுத்தியதும் கார் பறக்குமே, அந்த "நைட்ரோ"வும் இதுதான். சூட்டில் உடைந்து ஆக்ஸிஜனைக் கொடுக்கும், எஞ்சின் கூடுதல் பெட்ரோலை எரிக்கும். 2004-ல் விண்வெளியைத் தொட்ட தனியார் ஓடம் ஸ்பேஸ்ஷிப்ஒன் இதைக் கொண்டு ரப்பரை எரித்துத்தான் மேலே போனது.

ஆனால் ஒன்றை ஓட்டமாகச் சொல்ல மாட்டேன். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது பூங்காவில் கட்டைவிரல் பருமனில் வெள்ளி நிறக் குப்பிகள் குவிந்து கிடந்தன. கிரீமுக்கு விற்கிற எட்டு கிராம் குப்பி. பிள்ளைகள் பலூனில் நிரப்பி இழுக்கிறார்கள். ஒரு நிமிஷ மிதப்பு. இந்த வாயு உடம்பில் இருக்கிற பி12 வைட்டமினைச் செயலிழக்க வைக்கும். தொடர்ந்து இழுத்தால் தண்டுவட நரம்பு தேயும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். நம்மவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைவு. 2023 நவம்பரில் பிரிட்டன் இதைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெளிநாடு படிக்கப் போகிற பிள்ளை உள்ள வீடுகளில் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இப்போது தொட்டிக்கு வருவோமா?

தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். பாதிக் கூட்டம்! அப்படியானால் நான் உங்களிடம் பாடம் கேட்க வேண்டியவன். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு மயிரை எடுத்த பிறகு, உள்ளே ஏறிய சுண்ணாம்பை வெளியே இழுக்க வேண்டும். டீலைமிங் என்பீர்கள். டிரம்மில் அமோனியம் சல்ஃபேட் போட்டுச் சுற்றுவீர்கள். டிரம் கதவைத் திறந்தால் என்ன வரும்? (கூட்டத்திலிருந்து: "அமோனியா!") அமோனியா நெடி, கண் கரிக்கும். அதோடு தோலிலிருந்து கரைந்த புரதமும் சேர்ந்து கழிவுநீர் முழுக்க நைட்ரஜன்.

1996 ஆகஸ்ட் 28-ல், தோல் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியது நம் பாலாற்றுக்காகத்தான். சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதே என்றார்கள். அந்தத் தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே காற்றூட்டும் தொட்டி. காற்றைக் குமிழி குமிழியாக விட்டுக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு உணவு போடுகிறோம். அவை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரேட்டாக்கும். இன்னொரு வகை நுண்ணுயிர் நைட்ரேட்டைப் படிப்படியாக உடைத்து, கடைசியில் சாது நைட்ரஜனாக்கிக் காற்றில் விடும். அந்தக் கடைசிப் படிக்கு முந்தின படி என்ன தெரியுமா?

நைட்ரஸ் ஆக்ஸைடு!

அதே வாயு. டேவி பட்டுப் பையில் இழுத்த வாயு. கூலியின் காலை மரக்க வைத்த வாயு. என் நீலச் சிலிண்டர் வாயு. அங்கே தொழிற்சாலையில் அமோனியம் உப்பைச் சுட்டு எடுக்கிறார்கள், இங்கே அமோனியம் உப்புக் கலந்த தண்ணீரை நுண்ணுயிர் தின்று இதை வெளியே விடுகிறது. காற்று சரியாகப் போகாவிட்டால், நுண்ணுயிருக்கு வேண்டிய கார்பன் தீனி குறைந்தால், கடைசிப் படி நடக்காமல் அதிகமாக வெளியே வரும். நம்மூர்த் தொட்டிக்கு மட்டும் உள்ள குற்றம் இல்லை. அமோனியா நிறைந்த கழிவுநீரை நுண்ணுயிரால் சுத்தம் செய்கிற எல்லா ஊரிலும் கொஞ்சமாவது வரும். உரம் போட்ட வயல்களிலிருந்து இதைவிட எத்தனையோ மடங்கு வருகிறது.

தொட்டிக்கரையில் நின்றவர்கள் சிரித்தார்களா? இல்லை. அவ்வளவு செறிவு வராது. ஆனால் மேலே போகிற வாயு நூறு வருஷத்துக்கு மேல் வானத்தில் நிற்கும். எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிப் பங்குக்கு 270 பங்கு இருந்தது, இப்போது 335-ஐத் தாண்டிவிட்டது. போதாதென்று ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இன்று மனிதர்கள் வெளியிடுவதில் ஓசோனுக்குப் பெரிய பகை இதுதான் என்று 2009-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் நம் நாட்டில் பிறந்த ஏ. ஆர். ரவிசங்கரா.

மயக்க டாக்டர்களும் உத்தமர்கள் இல்லை. ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரிகள் வாங்கிய நைட்ரஸைக் கணக்குப் பார்த்தார்கள். பெரும்பகுதி நோயாளியின் மூக்குக்கு வரவே இல்லை. குழாய்க் கசிவில் போய்விட்டது. இப்போது பல நாடுகளில் சுவர்க் குழாயையே மூடிவிட்டு, வேண்டும்போது மட்டும் சின்னச் சிலிண்டரை மாட்டுகிறார்கள். நானும் கடைசிப் பத்து வருஷம் நீலச் சிலிண்டரைத் தொட்டது குறைவு.

தோல் தொழிலுக்கும் வழி இருக்கிறது. அமோனியம் உப்புக்குப் பதில் கரியமில வாயுவை டிரம்மில் விட்டுச் சுண்ணாம்பை எடுக்கலாம். கழிவுநீரில் அமோனியா குறையும், கண் கரிப்பதும் குறையும். கனமான தோலுக்கு நேரம் பிடிக்கும், கருவி வைக்க முதலாளிக்குச் செலவு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மேடைப் பேச்சாளி ஆகிவிடுவேன். இருந்தாலும் இதைக் கேட்க வேண்டிய இடம் மாநாடு இல்லை. டிரம் பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தொட்டி என்றதும் சிரிப்பு வாயுதானே என்று யாரும் குனிந்துவிடாதீர்கள். நம் தொட்டிகளில் ஆளைக் கொல்வது வேறு. மயிரெடுக்கப் போடுகிற சல்ஃபைடிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் நாற்றம் நின்றுபோகும். வாயு போய்விட்டது என்று நினைப்பீர்கள். போகவில்லை, மூக்கு மரத்துவிட்டது. அதுவும் ஒரு மயக்க மருந்துதான், மூக்குக்கு மட்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போன தம்பியும், தம்பியைத் தூக்கப் போன மேஸ்திரியும் சேர்ந்து போன வீடுகள் இந்தப் பாலாற்றங்கரையில் உண்டு. அந்த வீடுகளில் யாராவது இங்கே உட்கார்ந்திருக்கலாம். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

பாய் எழுந்து நிற்கிறார். சொல்லிவிடுகிறேன் பாய்!

இந்த வாயுவை ஆக்ஸிஜனோடு பாதிக்குப் பாதி கலந்தால் மயக்கம் வராது, வலி மட்டும் மங்கும். 1961-ல் பிரிட்டனில் டன்ஸ்டல் என்ற டாக்டர் இரண்டையும் ஒரே சிலிண்டரில் அடைத்துக் காட்டினார். பிரசவ வலிக்கு அங்கே வழக்கமாகக் கொடுப்பார்கள். முகமூடியைத் தாயே பிடித்துக்கொள்வாள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் கை தானாக இறங்கிவிடும், அதுதான் பாதுகாப்பு. எங்களிடம் அந்தக் கலவை சிலிண்டர் கிடையாது. பாயில்ஸ் மெஷினில் இரண்டு பம்பரத்தையும் ஒரே அளவில் நிறுத்திக் கொடுத்தேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்த பெண். முதல் பிரசவம். ராத்திரி முழுக்க வலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கத்தினால் வெளியே மாமியாருக்குக் கேட்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கத்தும்மா, பரவால்ல" என்றால் தலையை ஆட்டுகிறாள். முகமூடியைக் கையில் கொடுத்து, வலி தொடங்கும்போதே இழுக்கச் சொன்னேன். இரண்டு வலி கடந்தது. மூன்றாவதில் உதடு விட்டது. நெற்றிச் சுருக்கம் பிரிந்தது.

விடிகாலை, தலை தெரிகிறது. வயசான சிஸ்டர் ஒருத்தர், தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சும்மா, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு, முடிஞ்சிரும், இன்னும் ஒரே ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண் முகமூடியை மூக்கிலிருந்து இறக்கினாள். கண் பாதி மூடியிருக்கிறது. சிஸ்டரைப் பார்த்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இங்கயும் டார்கெட்டா சிஸ்டர்?" என்றாள்.